குருசடி மேட்டு மண்

ஏலச்செடியைத் திருப்திப்படுத்துவது புது மாப்பிள்ளையைத் திருப்திப்படுத்துவது மாதிரி, சார். வெயில் கூடினால் இலை கருகிப்போகும். நிழல் கூடினால் காய் அழுகிப்போகும். காலடியில் ஈரம் இருக்கவேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது. இத்தனையும் பார்த்துச் செய்ய ஒரு கை வேண்டும். ஆனைக்கரைப் பக்கத்து எஸ்டேட்டில் முப்பத்தாறு வருஷம் அந்தக் கை என்னுடையது. மழைக்கு முன்னால் நிழல் மரங்களில் ஏறி, எந்தக் கொம்பைக் கழித்தால் எந்தச் செடிக்கு வெளிச்சம் விழும் என்று பார்த்துக் கழிப்பேன். ஒருநாளும் கயிறு நழுவியதில்லை. கீழே நின்றவர் தலையில் ஒரு குச்சிகூட விழுந்ததில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் மிக்கேல். வயது அறுபத்திரண்டு. வேலையிலிருந்து நின்ற பிறகும் லயத்தில் அதே வீட்டில்தான் இருந்தேன். ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடு. என்னுடையது கடைசி வீடு. வீட்டுக்கு முன்னால் ஓர் இரும்புக் கம்பம், அதில் ஒரு மணி. அந்தக் காலத்தில் காலைப் பெரட்டுக்கு ஆள் எண்ண அடித்த மணி அது. லயத்துக்குப் பின்னால் நாற்பது படி ஏறினால் ஒரு மேடு. அங்கே அந்தோணியார் குருசடி. ஒரு சிலுவை, ஒரு சுரூபம், தகரக் கொட்டகை, பின்னால் மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற அயனிமரம். செவ்வாய்க்கிழமை செபத்துக்கு மணி அடிப்பது என் பொறுப்பு.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மழை வலுத்தால் மணி அடிப்போம். மணி கேட்டதும் எல்லாரும் மேட்டுக்குப் போய்விடவேண்டும். மணி அடிக்கிறவன் கடைசி ஆள் ஏறுகிறவரை அடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஏறவேண்டும். யார் வைத்த வழக்கமோ தெரியாது, எங்கள் அப்பா காலத்திலேயே இருந்தது. 2018 பெருமழையில் ஓடை லயத்துக்குள் புகுந்து நாலு வீட்டை இழுத்துக்கொண்டு போனது. மேட்டில் நின்ற ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்தோணியாரும் அயனிமரமும் சேர்ந்து காப்பாற்றினார்கள் என்று சொன்னார்கள். மணி அடித்தது மிக்கேல் என்றும் சொன்னார்கள். அதற்குப் பிறகு மேடு என்றால் எங்கள் ஆட்களுக்கு மறுபேச்சே கிடையாது.

மேட்டுக்குப் பின்னால் சரிவு. சரிவுக்கு மேலே என் அரை ஏக்கர். அது என் மனைவி செபமாலை தன் கையால் நட்ட செடி. செடிக்கும் குருசடிக்கும் நடுவில் சரிவிலே நாலு மரம் வரிசையாக நின்றன. இரண்டு சந்தனவேம்பு, ஒரு குளமாவு, ஒரு நாவல். கிழக்கு வெளிச்சம் முழுவதையும் அந்த நாலும் குடித்துவிடும். ஏறிக் கழித்துப் பார்த்தேன், மறு வருஷமே முன்னைவிட அடர்ந்து வந்தது. 2018 மழைக்குப் பிறகு செடியெல்லாம் அழுகத் தொடங்கியது. செபமாலையும் அப்போது படுக்கையில் விழுந்தாள். ஜன்னல் வழியாக மேலே பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் வெயில் விழுந்தா பொழச்சுக்கும்" என்றாள். அடுத்த ஈஸ்டருக்கு முன்னால், தவசுக் காலத்தில் போய்ச் சேர்ந்தாள். அது அவள் வார்த்தை, சார். நானாக யோசித்ததில்லை.

இந்த ஏலமலையில் செடி நமக்கு, மரம் சர்க்காருக்கு. பச்சை மரத்தை வெட்டினால் கேஸ். காய்ந்த மரம் என்றால் மனு கொடுத்து வெட்டலாம். அதனால் மரம் தானாகக் காயவேண்டியிருந்தது. அடிமரத்தில் மண்ணை விலக்கி, ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் எடுத்தேன். உளியால் எடுத்தேன், கத்தியால் இல்லை. கத்தி பிசிறு விடும். எடுத்த இடத்தில் மண்ணை அணைத்து, மேலே பாசியை வைத்துத் தட்டிவிட்டேன். வருஷத்துக்கு ஒன்று, ஒரு வருஷம் மட்டும் இரண்டு. அவசரப்பட்டால் சந்தேகம் வரும். பார்க்க வந்த அதிகாரி, "என்ன மிக்கேல், மரமெல்லாம் இப்படி வாடுது?" என்றார். "வயசாயிட்டு சார், நமக்கும் அப்படித்தானே" என்றேன். சிரித்தார், வெட்டக் கையெழுத்தும் போட்டார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குருசடி மரத்தை நான் தொடவில்லை. அது சாமி மரம். தொடுவேனா நான்?

நாலாவது மரமும் விழுந்த பிறகு வந்த சீசனில் செடி பூத்தது பாருங்கள், தரையோடு சரம் சரமாக. நான் செபமாலையின் படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு வருஷம் போதும் எனக்கு.

கத்தரீனாளைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் செபமாலையின் தங்கை, எனக்குக் கொழுந்தியாள். அடுத்தடுத்த வீடு. அவள் மகன் ரிஜினுக்கு மூணாற்றில் டீ பாக்டரியில் வேலை; இங்கே அவளும் மருமகள் சிஞ்சுவும் மட்டும். ஏலக்காய் எடுப்பது உட்கார்ந்து செய்கிற வேலை, சார். காய் தரையை ஒட்டித்தான் இருக்கும். நாள் முழுவதும் சருகிலும் மண்ணிலும் கை. கத்தரீனாள் நாற்பது வருஷம் அப்படி உட்கார்ந்தவள். மண்ணை ஒரு பிடி எடுத்து மோந்து பார்ப்பது அவளுக்குப் பழக்கம். எல்லாரும் கேலி செய்வோம். "ஏட்டி, மண்ணுக்கு உப்பு காரம் சரியா இருக்கா?" என்பேன். "கொஞ்சம் புளி கூடிப்போச்சு அத்தான்" என்பாள்.

எனக்குக் காய் எடுத்துத் தர ஒருநாள் மேலே வந்தவள் கேலிக்குச் சிரிக்கவில்லை. மரம் நின்ற சரிவில் உட்கார்ந்து கிளறிக்கொண்டிருந்தாள்.

"இந்த மண்ணுல வாடையே இல்ல அத்தான். முன்னே சருக வெலக்கினா வெள்ள வெள்ளயா நூலு ஓடும். ஒண்ணக்கூட காணோம். ரெண்டு வருசமா காளானும் வரல. இந்தப் பாருங்க, கையில புடிச்சா பொடியா உதுருது."

"வெயில் பட்டா மண்ணு காயத்தான செய்யும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நெசத்தச் சொல்லுங்க. இந்த மரங்களுக்கு என்ன செஞ்சீய?"

"நான் என்னத்தச் செய்ய? மரத்துக்கு நோவு" என்றேன்.

கூடையை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

அடுத்த வருஷம் ஷீனா வந்தாள். எஸ்டேட் குடும்பத்துப் பெண், படித்து மண் ஆராய்ச்சிக்குப் போனவள். மழைக்காலத்தில் ஆட்கள் ஒதுங்குகிற இடங்களில் மண் எப்படி இருக்கிறது என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை உறை போட்டிருந்தாள்; அப்படியும் கழுத்தில் ஒன்று ஏறிவிட்டது. நான்தான் உப்பு வைத்து எடுத்துவிட்டேன். நல்ல பிள்ளை. மாமா, மாமா என்று பேசினாள். நான் குருசடி மரத்தடியில் சருகை விலக்கிக் காட்டினேன். வெள்ளை நூலைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இது வேரு இல்ல மாமா, பூஞ்சை. மரம் இதுக்குச் சோறு போடும், இது மரத்துக்குத் தண்ணி கொண்டாந்து குடுக்கும். ஒரு மரத்து வேர்ல இருந்து அடுத்த மரத்து வேருக்குப் போயிரும். இது விடுற பசைதான் மண்ணக் கட்டிகட்டியாப் புடிச்சு வெச்சிருக்கு. கண்ணுக்குத் தெரியாத உயிரு இன்னும் எத்தனையோ கோடி கெடக்கு இதுல."

"மரத்த வெட்டிட்டா?" என்று கேட்டேன். சும்மா கேட்கிற மாதிரிதான்.

"சோறு நின்னா இது பட்டினியாச் செத்துப்போவும். அப்புறம் வேற பூஞ்சை வரும், செத்த வேரத் திங்குறது. ஆனா உடனே ஒண்ணும் தெரியாது மாமா. அடிக்கட்ட ஒக்காந்திருக்கும், வேரும் உள்ள இருக்க மாதிரி இருக்கும். மூணு நாலு வருசம், சில எடத்துல அஞ்சு வருசம் ஆவும். அப்பத்தான் வேரு மொத்தமா மக்கி, மண்ணு புடிமானம் இல்லாம நிக்கும். நல்ல மழ ஒண்ணு போதும்."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். முதல் மரம் விழுந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

சரிவில் பன்னிரண்டு இடத்தில் மண் எடுக்கவேண்டும் என்றாள். குச்சி நட்டு அடையாளம் வைத்தாள். இரண்டு பை எடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குமுளி பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. "நீ ஒதுங்கி நில்லு பிள்ள, நான் எடுத்துட்டு வாரேன்" என்றேன். அவள் நம்பி, காலிப் பைகளையும் மண் எடுத்த இரண்டையும் கொடுத்துவிட்டாள். நான் அந்த இரண்டையும் கொட்டினேன். பன்னிரண்டு பையையும் அயனிமரத்தடி மண்ணால் நிரப்பினேன். நம்பர் மாறாமல் கவனமாகக் கட்டினேன். என் வேலையில் எப்போதும் ஒழுங்கு உண்டு.

ஏன் என்று கேட்கிறீர்கள். வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்? சரிவு மண் செத்துக் கிடக்கிறது என்று தெரிந்தால், ஏன் செத்தது என்று தோண்டுவார்கள். தோண்டினால் பட்டை எடுத்த இடம் தெரியும். அப்புறம் நான் லயத்தில் தலைகாட்ட முடியுமா? 2018இல் இத்தனை பேரைக் காப்பாற்றிய மிக்கேல் என்கிற பெயர் என்ன ஆகும்? முதல் மரத்தில் உளி வைத்த அன்றைக்கே நான் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாவி வெளியில் இருந்தது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

ரிப்போர்ட் நன்றாக வந்தது. மண் உயிரோடு இருக்கிறது, பிடிமானம் உண்டு என்று. பஞ்சாயத்தில் அதை வைத்து மேட்டில் ஒரு போர்டு அடித்தார்கள். மழைக்காலத்தில் ஒதுங்கப் பாதுகாப்பான இடம் என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதி, ஓர் அம்புக்குறி. அந்தப் போர்டைக் கடந்துதான் நான் தினமும் சுரூபத்துக்கு மெழுகுதிரி வைக்கப் போனேன். பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன்.

கத்தரீனாள் விடவில்லை. போன வருஷம் வைகாசியில் பஞ்சாயத்து மெம்பர் ஆறுமுகசாமி லயத்தில் கூட்டம் போட்டபோது எழுந்து நின்றாள். மேடு வேண்டாம், ரோட்டோரப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுங்கள், மழை வந்தால் அங்கே போகிறோம் என்றாள். சிலர் சிரித்தார்கள். அந்தோணியார் மேல் நம்பிக்கை இல்லையா என்று ஒருத்தர் கேட்டார். "அந்தோணியார் மேல இருக்கு. அந்த மண்ணு மேலதான் இல்ல" என்றாள். பிறகு கூட்டத்தில் என் பக்கம் திரும்பினாள்.

"மரத்தோட பொழங்குன மனுசன் நீங்க. நீங்களே சொல்லுங்க அத்தான். மேடு தாங்குமா?"

முப்பது பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். தாங்காது என்று சொல்ல ஒரு வாய்தான் வேண்டும். அடுத்த நிமிஷம், எப்படித் தெரியும் என்பார்கள். ரிப்போர்ட் வேறு மாதிரி சொல்கிறதே என்பார்கள். அந்தத் தவிப்பை நான் யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை.

"படிச்ச பிள்ள சோதிச்சுப் பாத்து எழுதிக் குடுத்திருக்கு. தாங்கும்" என்றேன்.

ஆறுமுகசாமி கையைத் தட்டி, அப்புறம் என்ன என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். கத்தரீனாள் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தைத் திறக்கிற பேச்சு அன்றோடு முடிந்தது.

இனி அந்த வியாழக்கிழமை. இந்த வருஷம் ஆடி மாதம், மூன்று நாளாக விடாத மழை. காலை பத்து மணிக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு மேலே செடியைப் பார்க்கப் போனேன். நாலு அடிக்கட்டையையும் ஒட்டி, கோடு கிழித்த மாதிரி மண் விண்டிருந்தது. விரல் விட்டுப் பார்த்தேன், போனது. கையை விட்டேன், முழங்கைவரை போனது. உள்ளே ஒரு வேர் தட்டுப்பட்டது. இழுத்தேன், நனைந்த ரொட்டி மாதிரி கையோடு வந்துவிட்டது. ஷீனா சொன்னது ஒவ்வொன்றும் சரி. சருகை அள்ளி வெடிப்பை மூடினேன். தண்ணீர் உள்ளே இறங்கக்கூடாது என்றுதான் மூடினேன். மேலே வந்து யாராவது பார்த்துப் பயந்துவிடக்கூடாது என்பதும் உண்டு.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஓடை பொங்கித் தண்ணீர் லயத்து வாசலைத் தொட்டது. எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். யாரும் ஓடவில்லை. என் கையைத்தான் பார்த்தார்கள். மணி அடிக்காமல் எங்கள் ஆட்கள் நகரமாட்டார்கள், சார். அப்படிப் பழகிவிட்டார்கள். ரோடு அப்போது திறந்துதான் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று கத்தினால் போயிருப்பார்கள். பூட்டை உடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால், ஏன் மேட்டுக்கு வேண்டாம் என்று ஒருத்தராவது கேட்பார்களே. பன்னிரண்டு பை, போர்டு, கூட்டத்தில் நான் சொன்ன வார்த்தை, எல்லாம் வரிசையாக வந்து என்முன் நின்றன. அவற்றைத் தாண்டிப் போக எனக்கு வழி தெரியவில்லை.

மணி அடித்தேன்.

முப்பத்தொரு பேர் ஏறினார்கள். கொட்டகைக்குள் செபம் சொல்லும் சத்தம் கீழே கேட்டது. எல்லாரும் ஏறி முடித்த பிறகும் நான் அடித்துக்கொண்டே இருந்தேன். பிழைத்தவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள், அன்றைக்கு மணி நெடுநேரம் அடித்தது என்று. உண்மைதான். அடித்துக்கொண்டிருக்கிறவரைக்கும் நான் ஏறவேண்டியதில்லை அல்லவா? அதுதானே வழக்கம்.

கத்தரீனாள் பாதிப் படி இறங்கி வந்தாள். முக்காடு நனைந்து முகத்தோடு ஒட்டியிருந்தது.

"எல்லாரும் வந்தாச்சு அத்தான். நிப்பாட்டிட்டு வாங்க."

"நீ போ. நான் வாரேன்."

அவள் போகவில்லை. அங்கேயே நின்றாள். "அத்தான், மேல ஒண்ணும் ஆவாதுல்ல? நீங்க ஆவாதுன்னு சொன்னா நான் போறேன். சிஞ்சு மேல இருக்கா, வயித்துப்பிள்ளக்காரி."

"ஒண்ணும் ஆவாது" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு ஏறினாள். கடைசிப் படியில் வழுக்கி, சிலுவைக் கல்லைப் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. பிறகு மேலே லாரியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நாலு அடிக்கட்டையும் நின்ற நிலையிலேயே இறங்கி வந்தன, மண்ணோடு சேர்ந்து. மண்சரிவை இங்கே உருள்பொட்டல் என்பார்கள். அயனிமரம் கொஞ்ச நேரம் தாங்கியது. கூட நாலு வேர் பிடித்துக்கொள்ள இருந்திருந்தால் இன்னும் தாங்கியிருக்கும். அதுவும் சாய்ந்தது. ஒன்பது பேர். சிஞ்சுவை அன்று சாயங்காலமே எடுத்தார்கள். கத்தரீனாளை மறுநாள்தான் எடுக்க முடிந்தது. கை மூடியிருந்தது, உள்ளே ஒரு பிடி மண். மோந்து பார்க்க எடுத்தாளா, விழும்போது பிடித்ததா, எனக்குத் தெரியாது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை, சார். இரண்டு நாள்.

ரிஜின் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்க மட்டும் மணி அடிக்கலேன்னா மிச்ச ஆளையும் ஓடைத் தண்ணி கொண்டு போயிருக்கும் பெரியப்பா" என்றான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

ஷீனாதான் கண்டுபிடித்தாள். கவிழ்ந்து கிடந்த அடிக்கட்டையை மழை கழுவிவிட்டிருந்தது. பட்டை எடுத்த வட்டம் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. நாலிலும் ஒரே அகலம், ஒரே மட்டம், ஒரு பிசிறு கிடையாது. இந்த மலையில் அத்தனை நேர்த்தியாக உளி பிடிக்கிற ஆள் யார் என்று நீங்கள் விசாரித்தபோது, எல்லாரும் என் பெயரைச் சொன்னதாகச் சொன்னீர்கள். அதைக் கேட்டபோது, மறைப்பானேன், மனதுக்கு ஒரு மாதிரி நிறைவாகத்தான் இருந்தது.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். நாலு மரத்தையும் பட்ட மரமாக்கியது நான். மண்ணை மாற்றிக் கொடுத்தது நான். வெடிப்பைப் பார்த்தும் மூடியது நான். சரிவு இறங்கும் என்று தெரிந்தே முப்பத்தொரு பேரை மணி அடித்து அதற்குக் கீழே அனுப்பியது நான். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் ஒன்று, சார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு மாதம் தவறாமல் போனேன், அவரும் மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் நேராக என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு ஆள், "மிக்கேல், என்ன செய்தாய்?" என்று கேட்டிருந்தால் போதும், அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.